பனியில் வழுக்கிய கால்

லண்டன் பிளேஸ்டோவில் வாழும் தமிழருக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் அருள்மலரின் ஆராய்ச்சி முதலில் சொன்னது. வலது காலைக் கொஞ்சம் இழுத்தபடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். காலுக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு, பனியில் வழுக்கியது என்று ஒரே பதில். சீனி போடாத தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "ஹெல்த் சென்ரருக்குப் போனால் உங்களுக்கு ஏதும் கரைச்சல் இருக்கோ?" என்று கேட்பாள்.

"சீச்சீ, ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை. தங்கமான மனிசர். நீங்கள் இன்னொரு வடை எடுங்கோ."

அது 1992. அந்த ஹெல்த் சென்ரரில் வியாழன்தோறும் மொழிபெயர்ப்பாளரோடு நடந்த தமிழ் கிளினிக்கை நிறுத்தப் போவதாகப் பேச்சு. தமிழர் நீரிழிவு முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், அதற்கு அவர்களுடைய சோறும் அசட்டையும்தான் காரணம் என்று மனேஜர் அம்மாள் முடிவு கட்டிவிட்டார். வாசலிலேயே திருப்பி அனுப்பினால் வேறு எப்போது வருவார்கள் என்பது அருள்மலரின் கட்சி. அதைக் காட்டத்தான் பல்கலைக்கழகத்து டாக்டர் கிரிஜா, சென்னைக்காரி, அவளை ஆராய்ச்சியில் சேர்த்திருந்தாள்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொன்னா கிளினிக்கை இழுத்து மூடிடுவாங்க, அருள்மலர்," என்றாள் கிரிஜா. "நாம கேக்கறதுலதான் ஏதோ கோளாறு இருக்கு."

இருக்கத்தான் செய்தது. யாழ்ப்பாணத்தார் வீட்டுக்கு வந்தவரிடம் வடையைக் கொடுப்பார்களே தவிர, தங்கள் குறையைக் கொடுக்க மாட்டார்கள். அதிலும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு வந்தவள் கவுன்சில்காரியோ, ஹோம் ஒபிஸ்காரியோ, யார் கண்டது? அகதிக் கேஸ் நடக்கும் வீட்டில் வெள்ளைக்காரரைப் பற்றி எவர் வாய் திறப்பார்? அடுத்த வீட்டுக் குறை என்றால் மட்டும் கதை வேறு.

அதை அவள் கண்டுபிடித்தது டொலறஸ் வீட்டுக் குசினியில். டொலறஸ் பக்கத்து வீட்டுக்காரி, நெருங்கிய சிநேகிதி, வாயைக் கட்டத் தெரியாதவள்.

"எனக்கென்ன, கல்லுப்போல இருக்கிறன்," என்றவள் அதே மூச்சில் தொடங்கினாள். "ஆனால் உந்தச் சந்திரவதனாவின்ர கதை தெரியுமோ? நெஞ்சு நோவெண்டு போனவளை, 'உங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் நோதான்' எண்டு ரிசெப்ஷன்காரி சிரிச்சு அனுப்பினவள்."

அருள்மலர் கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். மறுநாளிலிருந்து, "உங்களுக்குத் தெரிஞ்ச ஆருக்கும் கரைச்சல் வந்ததோ?" என்று கேட்டாள். பிறகு கேட்க வேண்டுமா! சந்திரவதனா டொலறஸைப் பற்றிச் சொன்னாள். கல்லுப்போல இருந்த டொலறஸ் ஹெல்த் சென்ரர் வாசலில் நின்று அழுதாளாம். பிளேஸ்டோவே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தது. அருள்மலருக்கு ஒரே கொண்டாட்டம்.

கிளினிக்கின் கதியை முடிவுசெய்யக் கூடிய கூட்டத்தில் மனேஜர் அந்தக் கொண்டாட்டத்தில் தண்ணீரை ஊற்றினார். "இவை எல்லாம் காதில் விழுந்த கதைகள். தனக்கே நடந்தது என்று சொல்ல இங்கே ஒருவராவது உண்டா?"

அருள்மலர் அதைத் தமிழில் சொன்னாள். வந்திருந்த பெண்கள் தங்கள் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளினிக் கைவிட்டுப் போகிறது என்றே அருள்மலர் நினைத்தாள்.

டொலறஸ் எழுந்தாள்.

"நான் ஒருத்தியின்ர கதை சொல்லுறன், பேர் சொல்லமாட்டன். ஊரில இங்கிலீஷ் ரீச்சர். காலில புண்ணோட இங்க வந்தவ. ரிசெப்ஷன்காரி மூஞ்சையைப் பாத்திட்டு, இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு வா எண்டு அனுப்பிப்போட்டாள். இவ கதைச்சதே இங்கிலீஷிலதான்! திரும்பப் போனாலும் அதே கதை. கடைசியில ஆஸ்பத்திரியில பெருவிரலை எடுத்தாச்சு. கேட்டால் பனியில வழுக்கினது எண்டுவா."

பாவி, உன்னை நம்பித்தானே சொன்னேன் என்று அருள்மலருக்கு உடம்பெல்லாம் பற்றியது. மறுகணம் வெட்கம் வந்தது. ஊரார் வாயைத் திறக்க வழி தேடி அலைந்தவள், தன் வாயை எத்தனை இறுக்கமாகப் பூட்டி வைத்திருந்தாள்! எல்லோருக்கும் நடந்ததை எழுதியவள் தனக்கு நடந்ததை எழுதவில்லை.

மனேஜர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். அருள்மலர் எழுந்து, வகுப்பில் பாடம் சொல்லும் குரலில், ஒரு வார்த்தை குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். முடிவில், "அந்தப் பெண் நான்தான்," என்றாள்.

மனேஜர் முகம் சிவந்தது. "ஆனால் உங்கள் ஆங்கிலம் இவ்வளவு நன்றாக..."

"அன்றைக்கும் இதே ஆங்கிலம்தான் பேசினேன், மேடம்."

பின்வரிசையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. "நெஞ்சு நோவெண்டு போனது நான்தான்," என்று சந்திரவதனா எழுந்து நின்றாள். "வாசலில அழுதது நான்," என்றாள் டொலறஸ், உட்காராமலே. அதன் பிறகு எழுந்தவர்கள் உட்கார நேரமாயிற்று. தமிழ் கிளினிக் தொடரும், ரிசெப்ஷனில் நடப்பதை விசாரிக்க வேண்டும் என்று மனேஜரே கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். கிரிஜா மேசைக்கடியில் அருள்மலரின் கையை அழுத்தினாள்.

வெளியே நடைபாதையெல்லாம் பனி இறுகிக் கிடந்தது. டொலறஸ் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து வாங்கோ, வழுக்கும்."

"நான் ஒருநாளும் வழுக்கேல்லை," என்றாள் அருள்மலர்.