கொழுத்ததைத் தேர்ந்தவள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சர்க்கரைக்காரி என்று பெயர். நோய் ஒன்றுமில்லை, பிழைப்பே சர்க்கரையில்தான். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா ஆன்டிபயாட்டிக் சுரக்கிறது. அந்த மருந்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைதான் வில்லங்கம். கிருமியைக் கொல்லும் கையோடு நோயாளியின் காதையும் கெடுத்துவிடும். அந்தச் சர்க்கரையைச் செய்யும் மரபணுக்களை எடுத்துவிட்டு, வேறு சர்க்கரை செய்யும் மரபணுக்களைப் புகுத்தினால் காது தப்பும். சொல்வது சுலபம். அவள் இளமையில் பாதி அதற்கே போயிற்று.

அவள் தம்பியின் காதைப் பறித்ததும் அந்த மருந்துதான். காய்ச்சல் போயிற்று, கூடவே சத்தமும் போயிற்று. இப்போது உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான்.

"போனது என் காதோட போகட்டும்க்கா. அடுத்தவனுக்கு உன் மருந்து வந்துடும்ல?" என்பான். அந்த நினைப்பில்தான் அவன் நடமாடினான்.

சென்ற வருடம் புது மருந்து துளியளவு கிடைத்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு கரண்டியாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேலையை நிறுத்திவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

மரபணு மாற்றிய பாக்டீரியாவைப் பெரிய கலத்தில் வளர்த்து மருந்தை வடித்தார்கள். சோதனைக் கருவியின் திரையைப் பார்த்த ஆய்வுக்கூடக் கூட்டாளி தலையைச் சொறிந்தான்.

"சர்க்கரையே இல்ல. வெறும் மொட்டை மருந்து, கிருமியைக்கூடக் கொல்லாது."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். நீ போட்ட மரபணு ஒண்ணுகூட உள்ள இல்ல. வளர்ப்புத் தட்டுல எதை எடுத்து வளர்த்த?"

"நல்லா வளர்ந்ததைத்தான்..."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. பாக்டீரியாவுக்குச் சோறு கண்ட இடம் சொர்க்கம். அவள் புகுத்திய மரபணு அதற்கு ஊரான் சுமை, அதை ஏன் தூக்க வேண்டும்? சுமையை உதறியவை கொழுத்தன, சுமந்தவை இளைத்தன. ஒவ்வொரு முறை தட்டு மாற்றும்போதும் கொழுத்ததையே அவள் கை தேடிப் பிடித்தது. படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும், மற்றவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறாள். ஆனாலும் வாடியதைக் கண்டால் கை ஒதுக்கிவிடுகிறதே!

"பழசு ஃப்ரீசர்ல இருக்கும்ல?" என்றான் கூட்டாளி.

இல்லை. இடம் பற்றவில்லை என்று பழைய பாக்டீரியா இருந்த குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொழுத்தவற்றின் வாரிசுகளை அடுக்கி வைத்திருந்தாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

இயக்குநர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மறுபடி முதல்லேருந்துன்னா வருஷக்கணக்குல ஆகும்மா. நான் யாருகிட்ட போய் நிப்பேன்?" என்றார். அத்தோடு முடிந்தது.

வீட்டில் தம்பி காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவன் கத்தி நின்றது.

"அப்ப அடுத்தவனுக்கும் அதே ஊசிதானாக்கா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். "தப்பு என்னோடதுதான்டா" என்று தொடங்கினாள்.

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இனி அவள் என்ன சொன்னாலும் அவனுக்குக் கேட்காது.