நிறுத்தினால் போதாது

விசிறிகள் நின்றபோது அன்புச்செல்வி சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். மோகனூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிவேளை. மூடிய ஷெட்டுக்குள் இருபதாயிரம் முட்டைக்கோழிகள். காற்று நின்றால் அத்தனையும் கொஞ்ச நேரத்தில் சுருண்டுவிடும். தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கையால் போடும் சுவிட்சுகளைத் தட்டியதில் பாதி விசிறிகள் ஓடின. மீதியும், உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் ஈர அட்டைகளுக்குத் தண்ணீர் விடும் மோட்டாரும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் அசையும். கம்ப்யூட்டரோ சிவப்புக் கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸின் சந்தா இன்றோடு முடிந்துவிட்டதாம். விசிறி ஓட்டும் புரோகிராம் ஆபத்தானதாம், அதனால் பூட்டிவிட்டதாம்.

வருஷா வருஷம் கார்டிலிருந்து அது தானாகப் பணம் எடுக்கிறதே என்று கடுப்பாகி, போன மாதம் சந்தாவை ரத்து செய்தவள் அவள்தான். “ரத்து பண்ணிட்டாப் போதுமுங்க, அது தானாப் போயிரும்” என்று கணவன் மதியழகனிடம் பெருமையடித்தவளும் அவள்தான். காவல்காரனுக்குச் சம்பளத்தை நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தை அவன் கையிலேயே விட்டுவைத்த கதையாகிவிட்டது.

போன் போட்டதும் மதியழகன், கம்ப்யூட்டர் பார்க்கும் மாதேஷை மோகனூர் பஸ் ஸ்டாண்டில் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்து வந்தான். அவள் பண்ணைக் கேட்டருகே ஓடினாள். வெளியாள் யார் வந்தாலும் அங்கே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இத்தனை பதற்றத்திலும் அவள் வாய் அதைக் கேட்டது.

“கடைசியா எந்தப் பண்ணைக்குப் போயிட்டு வாரீங்க?”

மாதேஷ் தலையைச் சொறிந்தான். “சேந்தமங்கலத்துல ஒரு பண்ணைங்க அக்கா. நேரா அங்கிருந்துதான் வாரேன். அங்க காலையில இருந்து கோழி செத்துக்கிட்டு இருக்குதுங்க. என்ன சீக்குன்னு தெரியலீங்க.”

காலிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு சீக்கு வந்துவிடும் என்று, சீக்கு வந்த பண்ணையை மிதித்தவர்கள் குளித்து வந்தாலும் மூன்று நாளைக்கு உள்ளே விடுவதில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டதே மதியழகன்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அவள் அண்ணனை வெயிலில் நிறுத்தி, பத்திரிகையை வேலிக்கு மேலாக வாங்கிக்கொண்ட மகராசன்.

“இப்ப இதெல்லாம் பாக்கற நேரமா? தொற புள்ள!” என்று மதியழகன் கத்தினான்.

“அவருகூட ஒட்டி உக்காந்து வந்திருக்கறீங்க. நீங்களும் உள்ள வரக் கூடாதுங்க.”

“எம் பண்ணைக்குள்ள நான் வரக் கூடாதா?” அவன் கேட்டை உலுக்கினான். அவள் பூட்டை மாட்டி அமுக்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோழி செத்தால் அவள்தான் கொன்றாள் என்று ஊரே பேசும். ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

மாதேஷ் சண்டைக்குள் நுழையவில்லை. “போனைக் காதுல வெச்சுக்கிட்டு உள்ள போங்க அக்கா. நான் இங்கிருந்தே சொல்றேன்” என்றான்.

ஷெட்டுக்குள் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு இரைத்தன. கோடியிலிருந்த கூண்டுகளில் சில சரிந்துகிடந்தன. அந்தப் பக்கம் பார்க்காமல் கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள்.

“அவசரப்பட்டு ஆன்டிவைரஸை நீக்கிறாதீங்க அக்கா. முதல்ல பூட்டி வெச்ச புரோகிராமை வெளிய எடுக்கணும். இல்லீன்னா அதையும் சேத்து அழிச்சிரும்.”

தேடி எடுத்தாள். ஆபத்து, நிச்சயமாகவா என்று கேட்டது. “ஆமாங்கறேன்” என்று வாய்விட்டே சொல்லி அமுக்கினாள். அடுத்து நீக்கப் போனால், போகாதே என்று காலைப் பிடித்தது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. பட்டையாகத் தெரிந்த பச்சைப் பொத்தானை அமுக்கினாள். கார்டு நம்பர் கேட்டது.

“ஐயோ, கார்டு கேக்குதுங்க!”

“பச்சையைத் தொடாதீங்க. திரும்பி வாங்க. அடியில சாம்பல் கலர்ல பொடி எழுத்து ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்.”

இருந்தது. அமுக்கினாள். ஏன் எங்களைப் பிரிகிறீர்கள் என்று காரணம் கேட்டது. அவள் வாயில் வந்த காரணத்தை அச்சில் ஏற்ற முடியாது. ஒருவழியாக நீக்கி முடித்தாள். அணைந்து மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரை கறுத்தது. கறுத்தது கறுத்தபடியே நின்றது. அவள் மோகனூர்ச் சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள்.

திரை வெளுத்தது. மோட்டார் உறுமியது. மீதி விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று, ஷெட்டுக்குள் ஈரக்காற்று இழுத்தது. இரைத்துக்கொண்டிருந்த கோழிகள் மெல்ல இறக்கையை மடக்கின.

கோடிக் கூண்டுகளுக்குப் போய்ப் பார்த்தாள். நாற்பதுக்குக் குறையாமல் செத்திருந்தன. கேட்டைத் திறந்திருந்தால் இவையும் பிழைத்திருக்குமோ என்று நெஞ்சை அறுத்தது. அந்த முகத்தோடுதான் கேட்டுக்கு வந்தாள்.

மாதேஷ் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தான். மதியழகன் கேட்டுக்கு வெளியே தரையில் குந்தியிருந்தான். விசிறிச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

“கோடிக் கூண்டுல கொஞ்சம் போயிருச்சுங்க” என்றாள்.

அவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். திட்டப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் கேட்டிலிருந்து ரெண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான்.

“நான் மூணு நாளைக்குத் தங்கச்சி ஊட்டுல படுத்துக்கறேன். கேட்டைத் தொறக்காத.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “இருங்க, வேட்டி சட்டைய வேலிக்கு மேல வீசறேன்” என்றாள்.