ஏழாம் துப்பாக்கியின் மூன்றாம் தோட்டா

அந்த ஊரில் இறந்துபோன சிப்பாய்க்காக மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுட விலை, உள்ளே பழம் வைத்துச் சுட்ட கொலாச் ரொட்டி இரண்டு டஜனும் ஒரு கேன் காப்பியும். எமில் குசேராவுக்கும் அதே விலைதான். நாற்பது வருடம் அந்த ஏழு துப்பாக்கிகளையும் கூலி வாங்காமல் பழுது பார்த்தவர் என்பதற்காகத் தள்ளுபடி எதுவும் இல்லை. மகள் டார்லீன் ரொட்டிப் பெட்டியை அப்பாவின் பட்டறை மேசையில் வைத்துவிட்டு, ஏழாம் எண் துப்பாக்கியின் வயிற்றைத் திறந்தாள்.

அடக்கத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. விடியற்காலையில் பெய்த பனி ஜன்னல் விளிம்பில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"அதை நோண்டாதே பாப்பா," என்றார் ரான். அடக்கத்தில் சுடும் மரியாதைக் குழுவின் தலைவர், எண்பத்து நாலு வயது, வாயில் பிளம் பழ ரொட்டி. "உங்கப்பனாலேயே அதைச் சரிபண்ண முடியல. ஒவ்வொரு சாவுக்கும் மூணாவது தோட்டால மக்கர் பண்ணும்."

"முடியலையா, பண்ணலையா?"

"ரெண்டும் ஒரே ரொட்டிதான். உள்ள வச்ச பழம்தான் வேற."

டார்லீன் சிரிக்கவில்லை. பட்டாளத்தில் ஆறு வருடம் லாரி ஓட்டியவள். குழுவில் அப்பா காலியாக விட்ட ஏழாம் இடத்தில் இன்று நிற்கப் போகிறவள். ஏழு பேர், ஆளுக்கு மூன்று, மொத்தம் இருபத்தொன்று. அப்பாவுக்கு இருபது போதாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பிந்தி வந்தவளால் வேறு என்ன கேட்க முடியும்?

நிஜத் தோட்டா என்றால், சுட்ட வேகத்திலேயே துப்பாக்கி அடுத்ததை இழுத்துக்கொள்ளும். சாவுக்குச் சுடும் வெற்றுத் தோட்டாவில் ஈயம் இல்லை, அந்த வேகமும் இல்லை. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கையால் பின்னால் இழுத்து விடவேண்டும். தோட்டாக்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பின் உதடுகளைப் பார்த்தாள், வளையவில்லை. ஸ்பிரிங்கை அளந்தாள், புதிது. தோட்டாவை மேலே தள்ளும் நெம்புகோல் எண்ணெய் பூசி வழவழவென்று இருந்தது. போலித் தோட்டாக்களைப் போட்டு இழுத்து இழுத்து விட்டாள். நாற்பது முறை, ஒன்றுகூடச் சிக்கவில்லை.

பிறகு கைப்பிடியைச் சட்டென்று விடாமல், கையில் பிடித்தபடியே மெதுவாக முன்னே கொண்டுபோனாள். தோட்டா பாதி வழியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ரான் மாமா, அப்பாவுக்குக் கையில வலி இருந்துச்சா?"

"அவனுக்கா? செய்ன்ட் பால் ஊருக்குப் போய் மூணு நாள் கையால மரம் அறுத்துட்டு வந்தான்." ரான் விரலை நக்கினார். "மூணாவது தடவை ஏழு சத்தமும் கேட்டாத்தான் செத்தவன் கிளம்புவானாம். அதுவரைக்கும் பக்கத்துலயே நிப்பானாம். குடிச்சா இப்படி உளறுவான்."

அப்பா குடித்து டார்லீன் பார்த்ததில்லை.

மேல் அலமாரியில் ஒரு காப்பி டின் இருந்தது. உள்ளே சுடாத வெற்றுத் தோட்டாக்கள், பித்தளை பச்சை பிடித்து. எண்ணினாள்: நாற்பத்தொன்று. டின்னுக்கு அடியில் அப்பாவின் கடை நோட்டு. வரிக்கு ஒரு பெயர், ஒரு தேதி, பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு: சுட்டது 20, மிச்சம் 1. வரிகளும் நாற்பத்தொன்று. கடைசிப் பெயர் ரானின் தம்பி.

அவள் நோட்டை மூடினாள். ரானிடம் காட்டவில்லை. டின்னைத் திரும்ப வைத்து, பட்டறையைப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில், சுடுபவர்கள் நிற்கும் இடத்தில், அதுவரை ஒரு காலடிகூடப் படாத பனி. அம்மா இர்மா முன் வரிசை நாற்காலியில், மடியில் கையுறைகளோடு. ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள். கடைசியில் டார்லீன்.

முதல் சூடு. இழுத்தாள், விட்டாள். இரண்டாவது. இழுத்தாள்.

விடு, என்று கைக்குச் சொன்னாள். கை விடவில்லை. குளிரில் விறைத்த விரல்களின் மேல் இன்னொரு உள்ளங்கை படிந்தது போல் ஒரு கனம்; கைப்பிடி அவள் கையோடு மெல்ல மெல்ல முன்னே போய்ப் பாதியில் நின்றது. குனிந்து பார்க்கக் கூடாது. குழலை உயர்த்தி, வராத சத்தத்துக்காகக் காத்து நின்றாள்.

"சுடு!" என்றார் ரான்.

சத்தம் வந்தது. அவள் தோளில் உதை இல்லை.

பக்கத்து வேலியிலிருந்து ஒரு காகமும் எழவில்லை.

"இன்னைக்குத்தான் முழுசா ஏழு கேட்டுச்சு," என்றார் ரான், அவளருகே வந்து. "சரிபண்ணிட்டியே, கெட்டிக்காரி!"

டார்லீன் துப்பாக்கியைக் காட்டினாள். மூன்றாம் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு, சுடாமல், புதுப் பளபளப்போடு அங்கேயே இருந்தது.

ரான் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவள் காலடியில் பனி மூன்று இடத்தில் உருகிக் குழிந்திருந்தது. மூன்று குழியிலும் சூடான தோட்டாக் கூடுகள். இரண்டு மஞ்சள். ஒன்று பச்சை பிடித்தது.

எல்லாவற்றையும் பொறுக்கினார்கள். இருபத்தொன்று.

"நீ எண்ணினது தப்பு," என்றார் ரான்.

"எண்ணினது நீங்கதான் மாமா."

மடித்த கொடிக்குள் மூன்று கூடுகளை வைத்து விதவையிடம் தருவது வழக்கம். ரானின் கை எதை எதை எடுத்தது என்று டார்லீன் பார்க்கவில்லை. அம்மா கொடியின் மடிப்பை விலக்கி விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு பழசா இருக்கே?"

"ஆமாம்மா."

"இன்னும் சுடுது," என்றாள் அம்மா. கையுறையைப் போடாமல் அதைப் பிடித்தபடியே காருக்கு நடந்தாள்.

மதியம் டார்லீன் பட்டறையைத் திறந்தாள். டின்னை மேசையில் கவிழ்த்து இரண்டு முறை எண்ணினாள். நாற்பது. துப்பாக்கியில் சுடாமல் நின்ற புதுத் தோட்டாவைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவற்றோடு சேர்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து, அப்பாவின் பேனாவால், கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்:

எமில் குசேரா. சுட்டது 21. மிச்சம் 1. டின்னில் இருப்பு 41.