வெண்ணெய் பட்ட நோன்பு ரொட்டி

பால், வெண்ணெய் விலக்கும் ஈஸ்டர் நோன்பின் முதல் காலை. ஊரே லகானா என்ற நோன்பு ரொட்டிக்கு வரிசையில் நிற்க, பேக்கரியில் வேலை செய்யும் லெஃப்டேரிஸ் பழக்க தோஷத்தில் அதற்கு வெண்ணெய் தடவிவிட்டான். பேக்கரிக்காரி எவாந்தியாவுக்குக் காது சிவந்தது. அவள் கத்தலுக்குப் பயந்தே ஏற்கெனவே இரண்டு வேலையாட்கள் ஓடிவிட்டார்கள். இவனும் போனால் அடுப்பும் அவளும்தான். நேரே மாவு அறைக்குள் போய், மூட்டையில் முகம் புதைத்துக் கத்தித் தீர்த்துவிட்டு வந்தாள்.

"எத்தனை தட்டுடா?"

"நாலுதான்..." என்று இழுத்தவன், மாவு அப்பிய அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "இல்லக்கா, அடுப்புல வேகுறதும் அப்படித்தான். திட்டுவீங்கன்னு சொல்லல."

"அடப்பாவி! பாதிரியாருக்கே வித்திருப்போமேடா! நான் புதுசா பிசையறேன், நீ எள்ளு தூவு."

வெளியே வந்து, "ஒரு மணி நேரமாகும், தப்பு என்னோடது" என்று வரிசையிடம் சொன்னாள்.

"அக்காவைத் திட்டாதீங்க, தடவினது நான்தான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.