உவள்

...ஆறு நிமிடம்தானே, ஒரு விநாடி குறையாமல் நடந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டு முன் ஒழுங்கை இவ்வளவு நீளம் என்று தெரிகிறது, இந்தத் தலையில் ஒரு செம்மஞ்சள் கூம்பு, அந்தத் தலையில் ஒரு செம்மஞ்சள் கூம்பு, இடையில் முப்பது மீற்றர், அந்த முப்பது மீற்றருக்குள் போய்ப்போய் வருவது நான், முப்பத்தொரு வருடம் கரவெட்டியில் கிராம சேவையாளராக இருந்து ஊர் வாயில் இன்றைக்கும் விதானையாராகவே இருக்கிற இராசநாயகம், விரல் நுனியில் ஒட்சிசன் அளக்கும் கவ்வியோடு. ஆஸ்பத்திரியிலேயே நடந்திருக்கலாம். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் கூடுதல் என்று நான்தான் வீட்டுக்கு வரச் சொன்னேன், இங்கே அதைவிடக் கூடுதல் என்பதை யோசிக்கவில்லை, யோசிக்காமல் ஒரு காரியம் செய்கிற ஆளா நான்... நோய்க்கு முன் இல்லை. முதுகு வளையக்கூடாது. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு இளையதம்பியின் தலை தெரிகிறது, அவன் வாய் சும்மா இருக்காது, “என்ன விதானையார், உந்த ஓட்டத்துக்குக் கோப்பை கீப்பை குடுப்பினமே?” என்கிறான், “நீரும் வாரும், ரண்டு பேருமாய் ஓடிப் பாப்பம்” என்றேன், அந்த ஒரு வசனத்துக்கே நெஞ்சில் இருந்த காற்று முழுவதும் செலவாகிவிட்டது. “பேசாம நடங்க ஐயா, முடியலன்னா நின்னுக்கலாம்” என்று லவீனா சொல்கிறாள், ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை, மலையகத்தில் அட்டன் பக்கம், கையில் நிறுத்தற்கடிகாரம். நிற்பதாவது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் ஒரு வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்கிறார்களாம். உயிரோடு திரும்பியவர்கள். சாதாரண சளிக்காய்ச்சல் என்று தொடங்கி நியூமோனியாவாகி, இருபத்துமூன்று நாள், அதில் பதினொரு நாள் தொண்டைக்குள் குழாய், அங்கிருந்து திரும்பியது நான்தானா, என்னோடு இன்னும் யாராவது கூட வந்தார்களா என்று அவர்களுடைய படிவத்தில் ஒரு கேள்வி இல்லை. மூச்சு ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்போது அவள் வருகிறாள். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் தூக்கினால், சட்டை போடக் கையை உயர்த்தினால், கோயிலின் இரண்டாம் வீதியைச் சுற்றினால், கண்ணோரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்ற அதே நிலையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இப்போதும்... அந்தக் கூம்புக்குப் பக்கத்தில்... இல்லை, அது மதிலில் காயப்போட்ட சாக்கு. வருகிறவளுக்கு நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. அதுதான் எனக்குப் பிடிபடாதது. செத்தவர்கள் வருவார்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அப்பு, என்னைப் பெற்றவர், செத்து ஆறு மாதம் எங்கள் வீட்டு விறாந்தையில் செருமிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் செத்தவர்களுக்கு வயது போகுமா? என் தங்கச்சி கமலாசனி இந்த வீட்டை விட்டுப் போனபோது அவளுக்கு இருபத்தொரு வயது.

போனபோது என்றா நினைத்தேன்? செத்தபோது. நாங்கள் அப்படித்தான் சொல்வது. எண்பத்தோராம் ஆண்டு, மயிலிட்டிப் பக்கம் படகுகளுக்கு எந்திரம் பூட்டுகிற பேதுரு என்பவனோடு, வேதக்காரன், எங்கள் படலையைத் திறக்கக்கூட ஒருவரும் விடாத ஆள். அப்பு மூன்று நாள் சாப்பிடவில்லை, நாலாம் நாள் எழும்பி, “அவள் செத்துப்போனாள், செய்யவேண்டியதைச் செய்” என்றார். முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்தேன், உடல் எங்கே என்று ஐயர் கேட்டார், கடலோடு போய்விட்டாள் என்றேன். பொய் இல்லை. தர்ப்பையில் ஒரு உருவம் செய்து, பெயர் நட்சத்திரம் சொல்லி, எரித்து, அந்தக் கேணியில் முழுகி எழும்பினேன், தண்ணீர் எவ்வளவு குளிர்... அதன் பிறகு எத்தனை குடும்ப அட்டை, எத்தனை படிவம், உடன்பிறந்தோர் என்ற இடத்தில் ஒருவரும் இல்லை என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அவளும் அவனும் மன்னாரில் என்றார்கள், பிறகு வேறெங்கோ என்றார்கள், யாராவது வாயெடுத்தால் நான் எழும்பிப் போய்விடுவேன், பிறகு ஒருவரும் வாயெடுக்கவில்லை. “டைம் முடிஞ்சிருச்சு ஐயா, உக்காருங்க.” முந்நூற்றுப் பத்து மீற்றராம். ஆறு மாதத்துக்கு முன்பு இருநூற்றறுபது. என் வயதுக்கு நானூறாவது நடக்கவேண்டுமாம். அதையும் எழுதிக்கொள்கிறாள்.

விறாந்தையில் மேசையைப் போட்டு உட்கார்ந்தோம், மூச்சு இன்னும் வந்து சேரவில்லை, அதைக் காட்டாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து சொல் சொல்லித் திருப்பிக் கேட்டாள், கிணறு, வெள்ளி, புகையிலை, கடிதம்... ஐந்தாவது வரவில்லை. நான்கு போதும் ஐயா என்றாள், போதும் என்று அவள் சொல்லும் விதமே பிடிக்கவில்லை, எங்கள் பரம்பரையில் விசர் இல்லை, ஒருவருக்குக்கூட மூளை தட்டியதில்லை. பிறகு அந்தக் கொப்பியின் பிரதியை எடுத்தாள். மயக்கத்தில் கிடப்பவர்களுக்காகத் தாதிமார் நாளாந்தம் எழுதுகிற கொப்பி, நினைவில்லாத நாட்களில் என்ன நடந்தது என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொள்ள, அப்படி வாசித்தவர்கள் மனம் விரைவில் தேறுகிறதா என்பதுதான் ஆராய்ச்சியாம். என்னுடையதை அலுமாரியில் பூட்டிவிட்டேன், ஒரு பக்கம் திறக்கவில்லை. அங்கே என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? “நீங்க வாசிக்கலன்னா பரவால்ல, நான் வாசிக்கிறேன், ஒவ்வொண்ணுக்கும் நடந்ததா, மயக்கத்துல தோணினதான்னு சொன்னா போதும்.” இரண்டு கட்டங்கள். ஒன்றில் சரி போடவேண்டும். கோப்பில் ஏறியது ஏறியதுதான், அது என்னைவிட யாருக்குத் தெரியும். கமலாசனியின் பெயர் அந்தக் கொப்பியில் இருந்து, தோன்றியது என்றால் நான் விசரன், நடந்தது என்றால் எனக்கு உயிரோடு ஒரு தங்கச்சி.

“குழாய் எடுத்து ரெண்டாம் நாள். ‘ஐயா சுவரில் மாடு நிற்பதாகச் சொல்கிறார். அங்கே ஒன்றும் இல்லை.’” தோன்றியது, போடும். எழுதியவள் ஆரணி என்ற தாதி, நெல்லியடிப் பிள்ளை, என்னைப் பெரியையா என்று கூப்பிட்டாள், குரல் மட்டும் நினைவிருக்கிறது. “‘கட்டிலுக்குக் கீழே ஆட்கள் கதைப்பதாகச் சொல்கிறார். அங்கே ஒருவரும் இல்லை.’” தோன்றியது. பெயர் வரவில்லை, இதுவரை வரவில்லை, நெஞ்சு கொஞ்சம் இறங்குகிறது. “அடுத்ததுல ஒரு எழுத்துப் பிழை இருக்கு ஐயா. ‘பின்னேரம் பார்வையாளர் நேரம், ஐயா என்னைப் பார்த்து, உவளை உள்ளை விடாதேங்கோ என்று இரண்டுதரம் சொன்னார், அழுதார்.’ உவளைன்னு இருக்கு, இவளையா, அவளையா? கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப நாங்களே அவளைன்னு திருத்திட்டோம். சரிதானே?”

ஓம் என்றால் முடிந்தது. அவளை. எங்கோ இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியை. பிதற்றல், தோன்றியது, சரி, அடுத்த பக்கம். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் திருத்திவிட்டார்களாம், எங்கள் பிள்ளை ஒழுங்காக எழுதிய தமிழை எழுத்துப் பிழை என்று திருத்திவிட்டார்களாம், அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியுமா? “உது பிழையில்லை, பிள்ளை” என்றேன், “இவள் எண்டால் எனக்குக் கிட்ட நிக்கிறவள். அவள் எண்டால் தூரத்திலை இருக்கிறவள். உவள் எண்டால் நான் ஆரோடை கதைக்கிறனோ அந்த ஆளுக்குக் கிட்ட நிக்கிறவள். உங்கடை பக்கம் இல்லாமல் போச்சுது. எங்கடை ஆக்களுக்கு உதிலை பிழை வராது, மயங்கிக் கிடந்தாலும் வராது.” கடைசி வசனத்தை ஏன் சொன்னேன்? பெருமைக்குச் சொன்னேன். லவீனா கொப்பியின் முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள், “அப்போ நர்ஸ் பக்கத்துல யாரோ நின்னிருக்காங்க ஐயா” என்றாள், குற்றம் பிடிக்கிற குரல் இல்லை, கணக்குச் சரிவந்த பிள்ளையின் குரல், “மத்ததுக்கெல்லாம் ஒருத்தரும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. இதுக்கு எழுதல.”

எழுதவில்லை. மாட்டுக்கு எழுதினாள், கட்டிலுக்குக் கீழே கதைத்தவர்களுக்கு எழுதினாள், இதற்கு எழுதவில்லை. நெல்லியடிப் பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்கும், திரும்பிப் பார்த்திருப்பாள், பார்த்ததும் ஒருத்தி நின்றிருப்பாள், நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி... வயது போனது அதனால்தான். உள்ளே வர ஒரு அட்டை வேண்டும், ஒரு நோயாளிக்கு ஒரு அட்டை, என்னுடைய அட்டை இருபத்துமூன்று நாளும் மீனாம்பிகையின் கைப்பையில் இருந்தது. மீனாம்பிகை, என் மனைவி, இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் கமலாசனியோடு ஒரே அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தவள், அவளைப் பற்றி நாற்பத்துநான்கு வருடமாக ஒரு சொல் கேட்காதவள். கேட்காதது எனக்குப் பயந்து என்று நினைத்தேன். கேட்கவேண்டிய தேவை இல்லாததால் என்று ஒருநாளும் நினைக்கவில்லையே...

தேத்தண்ணித் தட்டோடு அவள் வாசலில் நிற்கிறாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள், ஆவி அடங்கிவிட்டது. “மீனா” என்றேன். “ஆறப்போகுது, குடியுங்கோ” என்று கோப்பையை வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் பக்கம் திரும்பி, “சீனி காணுமே தங்கச்சி, இன்னும் போடவோ?” என்று கேட்டாள். “நீர் அட்டையை ஆருக்காவது குடுத்தனீரே?” என்று கேட்டேன். அவள் தட்டை இடுப்போடு வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள், ஒளிக்க யோசிக்கிறவள் போல இல்லை, எவ்வளவு சொல்லலாம் என்று அளக்கிறவள் போல. “டொக்டர் நீங்கள் தப்பமாட்டியள் எண்டவர். நான் சொல்லி அனுப்பினனான். ஒருக்கால்தான் வந்தவ” என்றாள். வந்தவ. மரியாதையோடு. “பிறகு?” “பிறகென்ன. நீங்கள் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டியள்.” குசினிக்குப் போய்விட்டாள்.

“நடந்ததுன்னு போடவா ஐயா?” லவீனா மெதுவாகக் கேட்கிறாள், “போட்டா வந்தவங்களோட உறவுமுறையும் எழுதணும்.” மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, அவசரமில்லை என்று கையால் காட்டுகிறாள், மூச்சு இல்லை பிள்ளை, மூச்சு இருக்கிறது, முந்நூற்றுப் பத்து மீற்றருக்குக் காணும்... அப்பு போகாதே என்று காலைப் பிடித்தபோது அவள் போனாள், நான் படலையை மறித்து நின்று போகாதே என்றபோது என்னைத் தள்ளிக்கொண்டு போனாள், எங்கள் வீட்டில் சொல்வழி கேளாத பிள்ளை என்று அவளுக்குத்தான் பெயர். அந்தச் சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்றுகொண்டு நான் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். விசரன் பிதற்றுகிறான் என்று தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம், கட்டிலில் கட்டிப்போட்ட கிழவன், யார் மறிப்பது? வரவில்லை. அண்ணை சொன்னதற்காக ஒருத்தி திரும்பிப் போயிருக்கிறாள், அந்த ஒரே ஒருமுறை...