டிராக்டருக்கு ஏறிய இளைப்பு

விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டும் டிராக்டருக்கு இளைப்பு வந்த அன்று, அதை ஓட்டுபவருக்கு இளைப்பு நின்றுபோனது. வாலிபத்திலிருந்து நெஞ்சுக்குள் விசில் அடித்துக்கொண்டிருந்த மனிதர், அன்று மாலை மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்காமல் சாப்பாடு எங்கே என்று கேட்டார். மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். டிராக்டர் மறுநாள் காலையிலிருந்து சீராக ஓட மறுத்தது. இன்ஜின் வேகம் தானாக எகிறும், தானாகப் படுத்துக்கொள்ளும், மறுபடி எகிறும். கத்தியும் அதே தாளத்தில் வெட்டியதால் மைதானம் அலை அலையாகக் கிடந்தது. உருண்டு போகிற பந்து பாதி வழியில் மனம் மாறியது.

சனிக்கிழமை வரை பார்ப்பதாக மைதான மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்குள் சரியாகாவிட்டால் டிராக்டர் காயலான் கடைக்கு, ஓட்டுபவர் வீட்டுக்கு. ஓட்டுபவரின் மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள், அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். இதே மேனேஜரிடம் வேலை கேட்டுப் போனபோது, "பொம்பளப் புள்ள கிரீஸ்ல கை வைக்கலாமாம்மா?" என்று சிரித்து அனுப்பியிருந்தார். இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். பழைய பெட்ரோலை வடித்தாள், பில்டரை மாற்றினாள், பிளக்கைத் துடைத்தாள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்தாள். எதிலும் குறையில்லை. மிச்சமிருந்தது கார்புரேட்டர். அதன் ஜெட்டில், பெட்ரோல் போகிற அந்த ஊசித் துளையில், கம்ப்ரஸர் காற்றை அடித்து மாட்டியதும் இன்ஜின் வெண்ணெயாக ஓடியது. ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா, நெஞ்சுக்குள் பழைய விசில் கிளம்ப, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவ இந்த ஜெட்ட எப்படிப்பா க்ளீன் பண்ணீங்க?"

"வாயாலதான் ஊதினேன். எப்பவும் அப்படித்தானே. அன்னைக்குக் கொஞ்சம் தம் கட்டி ஊதிட்டேன்."

"கம்ப்ரஸர் பக்கத்துலயே கெடக்கு."

"அதுக்கு ட்யூப இழுத்துட்டு வரணும்ல."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நாலு வருடப் படிப்பில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஜெட்டைக் கழற்றி அவர் வாயில் வைத்தாள். அவர் ஊதினார். முகம் தெளிந்தது, மாட்டியதும் இன்ஜின் இளைத்தது. கம்ப்ரஸர் அடித்தால் இவருக்கு, வாயால் ஊதினால் அதற்கு. சந்தேகமே இருக்கக் கூடாது என்று அவள் இன்னொரு முறையும் கழற்றப் போக, "போதும்டி, நான் என்ன ஸ்விட்சா?" என்றார். பிறகு, டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, சரி பண்ணி வைத்துவிடச் சொன்னார். "வேல போயிடும்மா. இளைச்சுக்கிட்டேதானே உன்னப் படிக்க வச்சேன். இன்னும் கொஞ்ச நாள் இளைக்கிறேன்." அவள் இளைக்கிற ஜெட்டோடு கார்புரேட்டரை இறுக்கி மூடினாள்.

சனிக்கிழமை மேனேஜர் வந்தார்.

"என்னம்மா, சரியாச்சா?"

"இல்ல சார். சரி பண்ணத் தெரியும். பண்ண மாட்டேன்."

காரணத்தையும் சொன்னாள். மேனேஜர் சிரிக்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு ஷெட் கதவைச் சாத்தினார். "எங்கம்மாவுக்கு மூட்டுவலி. படுத்தா எந்திரிக்க முடியல. நம்ம ஜெனரேட்டர்ல ஏத்திடலாமா?"

"ஜெனரேட்டருக்கு மூட்டு ஏது சார்? கீல் இருக்கறது நம்ம மைதானத்து கேட்டுக்குத்தான். ஆனா ஒண்ணு, டிராக்டர் மேலயும் அப்பா வேல மேலயும் எவனும் கை வைக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மேனேஜரின் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அவர் முழங்காலைக் கேட்டின் கீழ்க் கீலில் முட்டுக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மைதானத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு, மகன் இளைத்துப்போய்விட்டான் என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பினார்.

அதற்குப் பின் வந்த வருடங்களில் ஆட்டக்காரர்கள் அலைகளுக்குப் பழகிக்கொண்டார்கள். வெளியூர் அணிகள் வரிசையாகத் தோற்றன. குளிர் நாட்களில் டிராக்டருக்கு இளைப்பு கூடும் என்பதால் அப்போது புல் வெட்டுவது வெயில் ஏறிய பிறகுதான். கேட் திறக்கும்போதெல்லாம் முனகும். புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் ஒரு நாள் எண்ணெய்க் குப்பியோடு அதன் பக்கம் போனார். மேனேஜர் ஓடி வந்து குப்பியை வாங்கி, தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.