கம்ப்யூட்டர் பெட்டியின் பச்சை விளக்கு

சோலைமலை ஏலக்காய் மண்டியில் அன்று காலையும் கம்ப்யூட்டர் வழக்கம்போல உறுமியது. திரையில் எழுத்து வந்தது. விளக்கு மட்டும் எரியவில்லை.

பெட்டியின் முகப்பில் ஏலரிசி அளவுக்கு ஒரு பச்சை விளக்கு. கரண்டு வந்திருக்கிறது என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேறு சோலி கிடையாது. மதுரையில் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, ஏல மூட்டைகளை லாட்டு லாட்டாக அதில் பட்டியல் போடுகிற அன்னக்கொடிக்கு அது தெரியும். முதலாளி சோலைமலைக்கோ கம்ப்யூட்டர் என்றாலே அந்த விளக்குதான். போடிக்கே முதல் கம்ப்யூட்டர் என்று எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் மேளதாளத்தோடு வந்து இறங்கிய பெட்டி அது. தினமும் குளித்துத் திருநீறு பூசி, செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, அதன் முன்னால் வந்து நிற்பார். அன்னக்கொடி சுவிட்சைத் தட்டுவாள். பச்சை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார். திரையை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதில் இங்கிலீஷ் இருந்தது.

அன்று கூப்பிய கை கூப்பியபடியே நின்றது.

"என்னத்தா, சாமி கண்ணத் தொறக்கல?"

"மெஷின் ஓடுது முதலாளி. வெளக்கு மட்டுந்தான் போயிருச்சு. லாட்டுப் பட்டியல் இந்தா வந்துரும்."

"வெளக்கில்லாம வர்ற பட்டியல எவன் நம்புவான்?"

முதலாளிக்கு இரண்டடி பின்னால் நின்றே தலை நரைத்துப்போன கணக்கப்பிள்ளை வீரையா தொண்டையைச் செருமினார். "நான் அன்னைக்கே சொன்னேன். வெளக்கேத்துற கை எந்தக் கைன்னு பாக்கணும்னு."

அன்னக்கொடியின் புருஷன் போடிமெட்டு வளைவில் தோட்டத்து ஜீப்போடு உருண்டு செத்துப்போனவன். அவள் சுவிட்சின் மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிலமலையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு ஓட்டு வீடும் அந்தக் கையை நம்பித்தான் இருந்தன.

முதலாளி தீர்ப்புச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எரியணும். இல்லேன்னா வீரையா மருமக டைப்படிச்சுப் பாஸ் பண்ணிருக்காளாம். அவ வந்து உக்காரட்டும்."

வீரையா தரையைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த சவுகத் அலி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா தங்கச்சி?" என்று ஒரு சிவப்பு எல்.இ.டி.யைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி அதை வாங்கினார். காய் பார்க்கிற பித்தளைத் தட்டில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் உருட்டிப் பார்த்தார்.

"செவப்பால்ல இருக்கு? செவந்த காய எவன்யா ஏலத்துல எடுப்பான்?"

"இது காயில்ல முதலாளி, வெளக்கு."

"எதுவா இருந்தா என்ன? நெறம் நெறந்தான்."

மதுரை பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டதில், வியாழக்கிழமை இரண்டு பச்சை விளக்குகள் வந்து சேர்ந்தன. இரண்டும் தட்டில் ஏறின. முதலாளி ஒன்றை ஒதுக்கினார். "இது வெயில் பட்ட பச்சை. ரெண்டாந் தரம்." இன்னொன்றை முகர்ந்து பார்க்காத குறைதான். "இதான்யா மலைப்பச்சை. இத மாட்டு."

"ரெண்டும் ஒரே பாக்கெட்டு" என்று சவுகத் அலி அன்னக்கொடியிடம் உதடு அசையாமல் சொன்னார்.

நல்ல நேரம் பார்த்துப் பெட்டியின் பின்னாலிருந்த திருகாணிகளைக் கழற்றி மூடியை இழுத்தார்கள். செத்த விளக்கை உள்ளேயிருந்து தள்ளி எடுத்து, இரண்டு ஒயரையும் வெட்டிப் புதியதில் பற்றவைத்தார் சவுகத் அலி. அன்னக்கொடி சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. வீரையா இருமினார். அந்த இருமலில் அவர் மருமகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டாள்.

"ஒயரு மாறிப்போச்சு, பொறு" என்று சவுகத் அலி பிரித்து மாற்றி வைத்தார். பச்சை எழுந்தது.

வாசலில் தேங்காய் உடைந்த சத்தம் அடங்குவதற்குள் வீரையா அடுத்ததைத் தொடங்கினார். "இனிமே இத அணைக்கவே கூடாது முதலாளி. சாயங்காலம் சாயங்காலம் அணைச்சதுலதான் தோசம் வந்துச்சு."

"ராவெல்லாம் ஓடுனா சூடாயிரும் முதலாளி" என்றாள் அன்னக்கொடி.

"கோயில்ல தூண்டாமணி வெளக்கு எரியல? அது சூடாயா போச்சு?" என்றார் முதலாளி. "அணைஞ்சுச்சுன்னா, நான் உன்னையத்தான் கேப்பேன்."

மறுநாள் மத்தியானமே ஊர்பூராக் கரண்டு போனது. நல்லவேளை, முதலாளி ஏலத்தில் இருந்தார். கரண்டு திரும்பி வரும்வரை அவள் இருட்டுப் பெட்டியின் முன்னால் முந்தானையை இறுகப் பிடித்தபடி நின்றாள். அன்று சாயங்காலமே சவுகத் அலியிடம் போய் நின்றாள்.

அவர் யோசித்தார். "வெளக்குத்தானே அணையக் கூடாது? மெஷினுன்னு சொல்லலையே?"

'செக்கிங்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர், விளக்கின் ஒயரை மெஷினிலிருந்து வெட்டி, இரண்டு டார்ச் பேட்டரிக் கட்டைகளோடு சேர்த்து, பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் ஒளித்துக் கட்டினார். "இனி இது யாரையும் எதிர்பாக்காது."

"அப்ப மெஷின் ஓடுதான்னு எப்படிண்ணே தெரியும்?"

"அத இங்க யாரு தங்கச்சி கேட்டா?"

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் அவள் கதவைத் திறந்தபோது ஏலக்காய் வாசத்தை மீறிக் கருகல் வாசம் வந்தது. திரை இருட்டு. உறுமல் இல்லை. சுவிட்சை எத்தனை தட்டியும் பயனில்லை. முதலாளி சொல்லுக்குப் பயந்து அவள் அணைக்காமலே விட்டதில், ராவும் பகலும் ஓடிய மெஷின் செத்துக் கிடந்தது. அதன் நெற்றியில் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

முதலாளி வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு என்னமா எரியுது பாரு!"

"முதலாளி..."

"என்னத்தா?"

அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி வீரையா நின்றார். அன்னக்கொடி தன் கையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல முதலாளி. பட்டியல் மத்தியானம் வரும்."

அன்றிலிருந்து பின்னறையில் தூசி படிந்துகிடந்த பழைய டைப் மெஷினில் பட்டியலை அடித்தாள். எடை, தரம், விலை எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போட்டாள். ஒருநாள் கூட்டலில் தப்பு வந்தது. கேரளத்து வியாபாரி சண்டைக்கு வந்தான். முதலாளி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விளக்கைக் காட்டினார். "கம்ப்யூட்டரு தப்புப் போடுமாய்யா?" அவனும் பச்சையைப் பார்த்துவிட்டு, தன் கணக்கைத் திருத்திக்கொண்டு போனான். அன்னக்கொடிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுவாரம் அவன் பட்டியலில் அந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிய பிறகுதான் தூங்கினாள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் வீரையா தனியாக அறைக்குள் வந்தார். பெட்டியின் மேல் கை வைத்தார். ஜில்லென்றிருந்தது. காதை ஒட்டினார். குனிந்து பின்னால் பார்த்தார். சரியாகத் திருகாத மூடியின் இடுக்கில் டார்ச் கட்டைகள் தெரிந்தன.

அன்னக்கொடி வாசற்படியில் நின்றிருந்தாள். ஓடவும் தோன்றவில்லை.

"எப்ப இருந்து?"

"ஐப்பசியில இருந்து. ராவும் பகலும் ஓடிக் கருகிருச்சு."

வீரையா வாயைத் திறந்தார். ராவும் பகலும் ஓடச் சொன்னது யார் என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளியின் கோபத்தை இத்தனை வருஷமும் இரண்டடி தூரத்திலிருந்து அடுத்தவர்மேல் விழுவதைப் பார்த்துப் பழகியவர் அவர். முதல்முறையாக அந்த இரண்டடி அவருக்குப் போதாமல் பட்டது.

வெகுநேரம் கழித்து, "வெளிச்சம் மங்கலா இருக்கேத்தா" என்றார்.

"கட்டை தீரப்போகுது."

மறுநாள் முதலாளிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு புதுக் கட்டைகளை எடுத்து நீட்டினார். "வெரசா மாத்துத்தா. வாசல்ல காரு வந்துருச்சு." அவள் கட்டைகளைச் செருகும்வரை மூடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"எம் மருமகளுக்கு இந்தச் சோலி தோதுப்படாதுத்தா. நீயே பாத்துக்க."

அன்னக்கொடி கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். முப்பது லாட்டு பாக்கி இருந்தது. காகிதத்தைச் செருகி அடிக்கத் தொடங்கினாள்.